இங்கிலாந்துக்குப் புதியவர்களுக்கு: அன்றாடப் பொருள்களின் ஆங்கிலப் பெயர்களைப் பிரித்தறியும் வழி

படிப்பதற்கோ, வேலைக்கோ, குடும்பத்தாரோடு சேர்ந்து வாழ்வதற்கோ இங்கிலாந்துக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் தெரிந்தே வருகிறார்கள். தெரியாத சொல் அவர்களுக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. அப்படி ஒன்றைக் கண்டால் யாரும் நின்று கேட்பார்கள் அல்லது கைப்பேசியில் தேடிப் பார்ப்பார்கள். அட்வான்ஸ், குக்கர், ஸ்லிப்பர், மட்டன், கர்ட் என்று நாம் தமிழோடு தமிழாகப் புழங்கிவரும் சொற்கள்தாம் இங்கே காலை வாருகின்றன. அவை நம்மிடம் வந்து நம் ஊர்ப் பொருள்களுக்குப் பெயராகி நிலைத்துவிட்டவை. அதே சொல்லை இங்கிலாந்துக்காரர் வேறொரு பொருளுக்கு வைத்திருக்கக்கூடும் என்ற ஐயம் நமக்கு எழுவதே இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டி, தவறாகப் புரிந்துகொண்டால் பணம் போகும் சொற்களை முதலிலும், வயிற்றுக்குள் போகும் பொருள்களை அடுத்தும், மருத்துவச் சொற்களை அதற்கடுத்தும் எடுத்துக்கொள்கிறது. சிரித்துவிட்டுப் போகக்கூடியவை கடைசியில் வருகின்றன. வாடகைச் சட்டம் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வேறு என்பதால், வீடு பற்றிச் சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

முதல் படி: வாடகை விளம்பரத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

ஒரு விளம்பரம் இப்படி இருக்கலாம்: "இரண்டு படுக்கையறை மெசனெட், பார்ட் ஃபர்னிஷ்டு, புதிய குக்கர், பில்கள் தனி, ஒரு மாத வாடகை அட்வான்ஸ், ஐந்து வார டெபாசிட்." ஒரே வரிதான் என்றாலும் இதில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் வீட்டின் வகை. ஃபிளாட் என்பதும் அபார்ட்மென்ட் என்பதும் ஒன்றே. விலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்ட விரும்பும்போது விற்பவர்கள் இரண்டாவது சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மெசனெட் என்பது பெரிய கட்டடத்தின் ஒரு பகுதியே ஆனாலும், பொதுவாக வெளியிலிருந்து நேரே நுழையத் தனி வாசலும், பெரும்பாலும் உள்ளேயே மாடிப்படியும் கொண்டது. தனியாக வரும் மாணவர்கள் ஸ்டுடியோவுக்கும் பெட்சிட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டும் ஒற்றை அறைதான். ஸ்டுடியோவில் குளியலறை உங்களுக்கு மட்டுமே உரியது, பெட்சிட்டில் அது அநேகமாகப் பக்கத்து அறைக்காரர்களோடு பொது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், குளியலறை தனியா பொதுவா என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பங்களோ என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். வங்காளத்து வீட்டின் பெயரிலிருந்து பிறந்த இந்தச் சொல் நம்மிடம் செல்வர் மாளிகையைக் குறிக்கும் பங்களாவாக வளர்ந்துவிட்டது. இங்கே மாடியில்லாத வீடு எதுவாயினும், எத்தனை சிறியதாயினும், அது பங்களோதான். படியேற இயலாத முதியவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். டிடாச்டு என்றால் நான்கு பக்கமும் தனித்து நிற்கும் வீடு. செமி டிடாச்டு என்றால் ஒரு பக்கச் சுவர் அண்டை வீட்டுடன் பொது. டெரஸ் என்றால் இரு பக்கமும் ஒட்டிய வரிசை வீடு. டெரஸ் வீடு என்றவுடன் வடகம் காயவைக்க மொட்டைமாடி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

குக்கர் என்றால் நமக்கு விசில் அடிக்கும் பாத்திரம். இங்கே அடுப்பும் அதன் கீழே ஓவனும் சேர்ந்து நிற்கும் முழுச் சாதனத்துக்கு அந்தப் பெயர். அதன் மேல்தளத்தில் உள்ள அடுப்புக்கு ஹாப் என்று பெயர். சாம்பாரும் சோறும் வைக்க அதுதான் வேண்டும். கிரில் என்பது மேலிருந்து அனல் இறங்கும் தட்டு. நம் பாத்திரம் வேண்டுமானால் பிரஷர் குக்கர் என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். ஃபர்னிஷ்டு என்ற சொல் கட்டில், மேசை, நாற்காலி போன்ற பெரிய பொருள்களைக் குறிக்கிறது; தட்டு, கரண்டி, போர்வை ஆகியவை அதில் அடங்கும் என்று எண்ண வேண்டாம். பார்ட் ஃபர்னிஷ்டு என்பதற்கு நிலையான அளவே இல்லாததால், பொருள்களின் பட்டியலைக் கேட்பதுதான் முறை. துணி வைக்கும் பீரோவுக்கு இங்கே வார்ட்ரோப் என்று பெயர். பீரோ என்றால் எழுதுமேசை. காட் என்று கேட்டால் குழந்தைக்கான கம்பித் தடுப்புக் கட்டிலைத்தான் கொண்டுவந்து போடுவார்கள். பெரியவர்கள் படுப்பது பெட்.

பணத்துக்கு வருவோம். சென்னையில் அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய தொகை. இங்கிலாந்தில் அட்வான்ஸ் ரென்ட் என்பது வாடகையேதான். முதல் மாதத்துக்கு முன்கூட்டிக் கட்டும் அந்தத் தொகை திரும்பி வராது. திரும்பி வர வேண்டியது டெபாசிட். அதிலும் இரண்டு வகை உண்டு. உங்களுக்காக வீட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைக்கக் கொடுப்பது ஹோல்டிங் டெபாசிட். அது ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. குடியேறும்போது வீட்டுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்ட என்று கொடுப்பது டெனன்சி டெபாசிட். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் அது ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. இவ்விரண்டு வரம்புகளையும் வகுத்தது 2019ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம்.

வார வாடகையைக் கணக்கிட மாத வாடகையை நான்கால் வகுக்கக் கூடாது. பன்னிரண்டால் பெருக்கி 52ஆல் வகுக்க வேண்டும். மாத வாடகை 1,300 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 15,600, வாரத்துக்கு 300. ஆகவே ஹோல்டிங் டெபாசிட் அதிகபட்சம் 300, டெனன்சி டெபாசிட் அதிகபட்சம் 1,500. நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 325 என்று வரும். ஐந்து வாரத்தில் 125 பவுண்டு கூடுதலாகப் போய்விடும். கொடுத்த டெபாசிட்டை உரிமையாளர் 30 நாளுக்குள் அரசு ஏற்பு பெற்ற காப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்து, அதன் விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும்.

ஆனால் இந்தக் காப்பு டெனன்ட்டுக்கு உண்டு, லாட்ஜருக்கு இல்லை. லாட்ஜர் என்பவர் உரிமையாளர் குடியிருக்கும் அதே வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்குபவர். லாட்ஜில் தங்குபவர் என்று பொருள் கொள்ளக் கூடாது. தெரிந்த குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்து, அவர்கள் சமையலறையையே பயன்படுத்தும் மாணவர் சட்டப்படி பெரும்பாலும் லாட்ஜர்தான். அவருடைய டெபாசிட்டைக் காப்புத் திட்டத்தில் சேர்க்கும் கட்டாயம் இல்லை. நியாயமான கால அவகாசம் கொடுத்து, நீதிமன்றம் போகாமலேயே அவரைக் காலி செய்யச் சொல்லவும் முடியும். இதற்காக லாட்ஜராகத் தங்கவே கூடாது என்பதில்லை. முதல் சில மாதங்களுக்கு அது வசதியாகவும் செலவு குறைந்ததாகவும் இருக்கும். கொடுத்த பணத்துக்கு ரசீது மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்கள் என்பதில் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் அடங்கும். கவுன்சில் டாக்ஸ் அதில் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். நம் ஊர் வீட்டு வரியை உரிமையாளர் கட்டுகிறார். இங்கே கவுன்சில் டாக்ஸைப் பொதுவாகக் குடியிருப்பவர் கட்டுகிறார். முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வரி இல்லை.

இரண்டாம் படி: கடையில் பெயரை நம்பாமல் சேர்மானத்தைப் படியுங்கள்

சூப்பர்மார்க்கெட்டில் முதல் நாள் நிகழும் குழப்பம் பெரும்பாலும் தயிரில் தொடங்குகிறது. கர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஜாம் அடுக்கியிருக்கும் பக்கம் அழைத்துச் சென்று மஞ்சள் நிறக் குப்பி ஒன்றைக் காட்டுவார்கள். அது லெமன் கர்ட். எலுமிச்சைச் சாறு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை சேர்த்துக் கிளறிய, ரொட்டியில் தடவும் இனிப்பு. தயிருக்கு இங்கே யோகர்ட் என்று பெயர். அந்த அலமாரிக்கு முன் நின்றாலும் வேலை முடிவதில்லை. நேச்சுரல் அல்லது பிளெயின் என்று போட்டிருப்பது சர்க்கரை சேர்க்காதது. தயிர்சாதத்துக்கும் மோருக்கும் அது போதும். வெனிலா என்ற சொல் சிறிய எழுத்தில் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மோர்க்குழம்பு அதனால் கெட்டவர்கள் உண்டு. கிரீக் யோகர்ட் என்பதும் கிரீக் ஸ்டைல் யோகர்ட் என்பதும் ஒன்றல்ல. முன்னது கிரேக்க நாட்டில் செய்து, நீரை வடித்துக் கெட்டியாக்கியது. பின்னது அதைப் போன்று வேறெங்கோ செய்தது. இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு நிறுவனங்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் மோதி, வேறு நாட்டில் செய்ததைக் கிரீக் யோகர்ட் என்று விற்கக் கூடாது என்று 2013இல் தீர்ப்பாகி, மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. வீட்டில் பால் காய்ச்சி உறைமோர் ஊற்ற விரும்புபவர், எந்த நாட்டுத் தயிராயினும், லைவ் கல்ச்சர் உள்ளது என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

பால் குப்பியில் பெரும்பாலும் நீல லேபிள் கொழுப்பு எடுக்காத பாலையும், பச்சை லேபிள் பாதி எடுத்ததையும், சிவப்பு லேபிள் முழுவதும் எடுத்ததையும் குறிக்கும். உறை ஊற்றவும் பாயசத்துக்கும் நீலம்தான் சரி. கிரீம் வகைகளின் பெயரில் உள்ள வேறுபாடு கொழுப்பின் அளவைக் காட்டுகிறது: சிங்கிள் கிரீமில் குறைந்தது 18 விழுக்காடு, டபுள் கிரீமில் 48, கிளாட்டட் கிரீமில் 55. சிங்கிள் கிரீமை எத்தனை அடித்தாலும் நுரைத்துக் கெட்டியாகாது.

மரக்கறி உண்பவர்கள் இந்தப் படியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டிரம்ஸ்டிக் என்று தேடினால் கோழிக்கால் வந்து நிற்கும். முருங்கைக்காய் வேண்டுமானால் லண்டனின் டூட்டிங், ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற இடங்களில் உள்ள தமிழ்க் கடைகளுக்குப் போய்த் தமிழிலேயே கேட்டுவிடலாம். மின்ஸ் என்பது கொத்திய இறைச்சி. மின்ஸ்மீட் என்பதோ, பெயரில் இறைச்சி இருந்தாலும், கிறிஸ்துமஸ் காலத்து மின்ஸ் பை என்ற பலகாரத்துக்குள் வைக்கும் உலர்பழப் பூரணம். அதில் இறைச்சி இல்லையே என்று உடனே எடுத்து உண்டுவிடவும் கூடாது. அதில் சூயட் சேர்ப்பது மரபு, சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. தாவரக் கொழுப்பில் செய்ததும் கிடைக்கிறது என்பதால், மரக்கறியாளருக்கு ஏற்றது என்ற குறிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். புட்டிங் என்ற சொல் இன்னும் பொல்லாதது. உணவுக்குப் பின் வரும் எந்த இனிப்பும் புட்டிங்தான். ஆனால் யார்க்‌ஷயர் புட்டிங் மாவும் முட்டையும் பாலும் கலந்து சுட்ட, இனிப்பில்லாத பண்டம். பிளாக் புட்டிங் பன்றி இரத்தத்தில் செய்தது. ஜெல்லி என்பது அசைந்தாடும் இனிப்பு; அதில் பெரும்பாலும் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். இங்கே வெஜிடேரியன் என்ற முத்திரை முட்டையை விலக்குவதில்லை. முட்டையும் கூடாது என்பவர்கள் வீகன் என்று எழுதியதை எடுக்கலாம், அதில் பாலும் இராது. பால் வேண்டும், முட்டை வேண்டாம் என்பவர்களுக்குச் சேர்மானப் பட்டியலைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முட்டை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் தடித்த எழுத்தில் இருப்பதால் கண் தேடிக் களைக்காது.

இறைச்சி உண்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. நாம் மட்டன் என்பது பெரும்பாலும் வெள்ளாட்டுக்கறி. இங்கிலாந்துக்காரருக்கு மட்டன் என்றால் வயது முதிர்ந்த செம்மறியின் கறி, லாம்ப் என்றால் இளஞ்செம்மறியின் கறி. வெள்ளாட்டுக்கறிக்கு கோட் என்றே பெயர். தெற்காசியர் நடத்தும் கறிக்கடைகளில் மட்டன் என்ற பெயரில் எதுவும் இருக்கலாம் என்பதால் கேட்டு வாங்குங்கள்.

மாவு வகைகளில் பிளெயின் ஃபிளவர் என்பதை நம் மைதாவின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். செல்ஃப் ரைசிங் ஃபிளவரில் உப்பவைக்கும் பொடி முன்பே கலந்திருக்கும். அதில் பரோட்டா போட்டால் பரோட்டா வராது, பன் வரும். ஸ்ட்ராங் ஃபிளவர் ரொட்டி சுடுவதற்கானது. கடலை மாவுக்கு கிராம் ஃபிளவர் என்றும், ரவைக்கு செமலினா என்றும் பெயர். ஆப்பத்துக்குப் போடும் சோடா இங்கே பைகார்பனேட் ஆஃப் சோடா. பேக்கிங் பவுடர் என்பது அந்தச் சோடாவோடு புளிப்புத்தன்மையுள்ள பொடியும் மாவும் கலந்தது, ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே அளவில் போட முடியாது. எள்ளெண்ணெய் என்று பொருள்படும் செசமி ஆயில் சூப்பர்மார்க்கெட்டில் பெரும்பாலும் வறுத்த எள்ளிலிருந்து எடுத்த, கருத்து மணம் மிகுந்த சீனச் சமையல் எண்ணெய். இட்லிப்பொடிக்கு அதை ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. நல்லெண்ணெய்க்கும் தமிழ்க் கடைதான் கதி. நம் எலுமிச்சையின் மணமும் புளிப்பும் லைம் என்று விற்கும் பச்சைப் பழத்தில்தான் கிடைக்கும். தடித்த மஞ்சள் தோலுள்ள லெமன் வேறு. கத்தரிக்காயை பிரிஞ்சால் என்று கேட்டால் பல கடைக்காரர்களுக்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். ஆபர்ஜீன் என்று கேட்க வேண்டும். பாயசத்துக்குப் போடும் பொன்னிறத் திராட்சை சுல்தானா. கரன்ட் என்று விற்பது அதனினும் சிறிய கருந்திராட்சை.

சிப்ஸ் என்றால் சுடச்சுட வரும் தடித்த உருளைக்கிழங்கு வறுவல்; பொட்டலத்தில் வரும் மெல்லிய வறுவல் கிரிஸ்ப்ஸ். பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் என்ன வேறுபாடு என்று குழம்பினால் வெட்கப்பட வேண்டியதில்லை, இந்நாட்டு வரித்துறையே குழம்பியிருக்கிறது. கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை, சாக்லெட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. ஆரஞ்சுச் சுவையும் சாக்லெட்டும் சேர்ந்த ஜாஃபா கேக் எந்த வகை என்று வழக்கு எழுந்து, 1991இல் வரித் தீர்ப்பாயம் அது கேக்கே என்றது. பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் நமுக்கும், ஜாஃபா கேக் இறுகுகிறது என்பதும் கருதிப் பார்த்த காரணங்களுள் ஒன்று. பிரிங்கிள்ஸ் வழக்கில் எதிர்மாறாக நடந்தது. அதில் உருளைக்கிழங்கு பாதிக்கும் குறைவு என்று நிறுவனம் வாதாடியும், அது கிரிஸ்ப்ஸைப் போன்றதே, வரி கட்டியாக வேண்டும் என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவைத்தது.

பொருளை எடுத்துப் பணம் கட்டும் இடத்தில் கவர் என்று கேட்காதீர்கள். பைக்கு கேரியர் பேக் என்று பெயர். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைக்குக் குறைந்தது 10 பென்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டும். கவர் என்று நாம் சொல்லும் அஞ்சல் உறை என்வலப்.

மூன்றாம் படி: பொட்டலத்தில் உள்ள இரண்டு தேதிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

யூஸ் பை என்ற தேதி பாதுகாப்பைக் குறித்தது. இறைச்சி, மீன், உடனே உண்ணும்படி வெட்டி அடைத்த கீரை வகைகள் ஆகியவற்றில் அது இருக்கும். அந்த நாள் கடந்துவிட்டால், நல்ல மணம் வந்தாலும் உண்ணக் கூடாது. கடைக்காரர் அதை விற்பதும் குற்றம். கெடுக்கும் கிருமிகள் எல்லாம் நாற்றம் தருவதில்லை என்பதே இதற்குக் காரணம். பெஸ்ட் பிஃபோர் என்ற தேதி தரத்தை மட்டும் குறித்தது. அந்த நாளுக்குப் பின் பிஸ்கட் நமுத்திருக்கலாம், மிளகாய்த்தூளின் காரம் குறைந்திருக்கலாம், உண்பதால் தீங்கில்லை. அதை விற்கவும் தடையில்லை என்பதால் பல கடைகளில் விலை குறைத்து ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். மாணவர்கள் தயங்காமல் வாங்கலாம். யூஸ் பை நாள் நெருங்கும் இறைச்சியை அந்த நாள் முடிவதற்குள் உறைபெட்டியில் வைத்துவிட்டால் பிறகு எடுத்துச் சமைக்கலாம். ஃபிரிட்ஜில் வைப்பது உறையவைப்பது ஆகாது. ஃபிரீசரில் வைக்க வேண்டும்.

நான்காம் படி: மருத்துவரிடம் போகும் முன்

சர்ஜரிக்கு வாருங்கள் என்று கடிதம் வந்தால் அறுவை சிகிச்சை என்று அஞ்ச வேண்டாம். குடும்ப மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கே சர்ஜரி என்று பெயர். அறுவை சிகிச்சை நடக்கும் அறையை தியேட்டர் என்பார்கள், சொல்வதற்கு ஆப்பரேஷன் என்ற சொல்லே போதும். மருந்துக் கடை கெமிஸ்ட் அல்லது ஃபார்மசி. மெடிக்கல் என்று மட்டும் சொன்னால் உடற்பரிசோதனை என்று எடுத்துக்கொள்வார்கள். பிளாஸ்டர் என்பது சிறு காயத்துக்கு ஒட்டும் பட்டை, எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுக்கும் அதே பெயர். இடத்தைக் கொண்டுதான் அறிய வேண்டும். ஸ்டூல் சாம்பிள் என்று கேட்டால் மலத்தைச் சிறு குப்பியில் எடுத்துக் கொடுக்க வேண்டும். லூஸ் மோஷன் என்று சொன்னால் இந்தியாவில் படித்த மருத்துவருக்கே உடனே புரியும். மற்றவரிடம் டயரியா என்று சொல்லுங்கள். ஐ வாஸ் சிக் என்றால் வாந்தி எடுத்தேன் என்று பொருள் கொள்வார்கள், ஆகவே வெறும் உடல்நலக் குறைவுக்கு இல் அல்லது அன்வெல் என்ற சொல் பாதுகாப்பானது.

குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் என்ற இரண்டையும் மாற்றிவிட்டால் அளவு மூன்று மடங்காகிவிடும். முன்னது 5 மில்லிலிட்டர், பின்னது 15. சமையலறைக் கரண்டியை எடுக்காமல் மருந்தோடு வரும் அளவுக் கரண்டியையோ ஊசியில்லாத பீச்சுகுழலையோ பயன்படுத்துங்கள். காய்ச்சல் மாத்திரை இங்கே பாராசிட்டமால். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பொட்டலத்தில் அசிட்டமினோஃபென் என்று இருந்தால் அதுவும் இதே மருந்துதான். சளிக்குக் கரைத்துக் குடிக்கும் பொடிகளிலும் பாராசிட்டமால் இருப்பதுண்டு. பெயர் வேறு என்பதற்காக இரண்டையும் சேர்த்து எடுத்தால் அளவு மீறிப் போகும். உயிருக்கு ஆபத்து என்றால் 999, அவசரம் ஆனால் உயிர் ஆபத்து இல்லை என்றால் 111.

ஐந்தாம் படி: துணியும் காலணியும்

பேன்ட்ஸ் என்ற சொல் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் உள்ளாடையைக் குறிக்கும். புதிய பேன்ட் வாங்கினேன் என்று அலுவலகத்தில் சொல்வதற்கு முன் டிரவுசர்ஸ் என்ற சொல்லைப் பழக்கிக்கொள்ளுங்கள். நம் பனியன் இங்கே வெஸ்ட். சேலைக்கு அணியும் ஜாக்கெட்டை இங்கே பிளவுஸ் என்றுதான் சொல்ல வேண்டும். ஜாக்கெட் என்றால் மேலங்கி. ஸ்லிப்பர் என்பது வீட்டுக்குள் மட்டும் அணியும் மெத்தென்ற காலணி, வெளியே போட்டுப் போகும் ரப்பர் செருப்பு ஃபிளிப் ஃபிளாப்ஸ். பள்ளி அனுப்பும் பட்டியலில் ஜம்பர் என்பது கம்பளிச் சட்டை, டிரெய்னர்ஸ் என்பது ஓடும் காலணி, பிளிம்சோல்ஸ் என்பது உடற்பயிற்சி வகுப்புக்கான மெல்லிய துணிக் காலணி. கடைசி இரண்டையும் பள்ளிகள் வேறுபடுத்தியே கேட்கின்றன.

ஆறாம் படி: அழைப்பும் பயணமும்

டின்னர் என்றால் எப்போது என்பது யார் அழைக்கிறார் என்பதைப் பொறுத்தது. வட இங்கிலாந்தில் பலருக்கு டின்னர் நண்பகல் உணவு, டீ என்பது மாலை ஐந்து, ஆறு மணிக்கு உண்ணும் முழு உணவு. தெற்கே டின்னர் இரவு உணவு. பள்ளியில் நாடெங்கும் மதிய உணவு ஸ்கூல் டின்னர்தான். ஆகவே டீக்கு வாருங்கள் என்று ஆறு மணிக்கு அழைத்தால் வயிறு நிறைய உண்டுவிட்டுப் போகாதீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டால் பாதி விளங்கிவிடும். ஹாஃப் சிக்ஸ் என்று பதில் வந்தால் அது ஆறரை.

நாம் பிளாட்பாரம் என்று சொல்லும் தெருவோர நடைபாதை இங்கே பேவ்மென்ட். பிளாட்ஃபார்ம் இரயில் நிலையத்தில் மட்டும். ஊருக்குள் ஓடுவது பஸ், ஊர்விட்டு ஊர் போவது கோச். கார் வாங்குபவருக்கு டிக்கி என்பது பூட். ஸ்டெப்னி என்றால் யாருக்கும் புரியாது, ஸ்பேர் வீல் என்று சொல்ல வேண்டும். இதில் வேடிக்கை, அந்தப் பெயர் இந்நாட்டிலிருந்தே போனது. வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் தொடங்கிய மாற்றுச் சக்கர வணிகத்தின் பெயர் நம் மெக்கானிக்குகளிடம் இன்னும் வாழ்கிறது, பிறந்த நாட்டில் மறைந்துவிட்டது.

ஏழாம் படி: புதிய சொல்லை நீங்களே சோதிப்பது

பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அதில் இல்லாத சொல் ஒன்று நாளை எதிரே வரும். அப்போது தமிழில் என்ன என்று தேடுவதைவிட, அந்தச் சொல்லை இங்கிலாந்தின் பெரிய கடை ஒன்றின் இணையதளத்தில் இட்டுப் படத்தைப் பாருங்கள். பொருள், விலை, சேர்மானம் மூன்றும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும். பொதுவான படத் தேடலில் அமெரிக்கப் பொருள்களும் கலந்து வரும் என்பதால் அது அவ்வளவு நம்பகமில்லை. அகராதி பார்ப்பதானால், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதியில் பிரிட்டிஷ் வழக்கா அமெரிக்க வழக்கா என்ற குறிப்பு இருக்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு விளக்கத்தைப் படியுங்கள்.

சமையல் குறிப்புகளில் இந்தச் சோதனை மிகவும் தேவை. அமெரிக்கக் குறிப்பில் கார்ன்ஸ்டார்ச் என்றிருப்பது இங்கே கார்ன்ஃபிளவர், அங்கே ஜெல்லி என்பது பழச்சாற்றில் காய்ச்சி ரொட்டியில் தடவுவது, அங்கே சிப்ஸ் என்பது நம் பொட்டல வறுவல். ஒரு கப் என்பது அவர்களுக்கு ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் கொண்ட அளவுக் கிண்ணம். இங்கே குறிப்புகள் பெரும்பாலும் கிராமில் எழுதப்படுகின்றன. பைன்ட் இரு நாட்டிலும் உண்டு, அளவுதான் வேறு: அமெரிக்காவில் 473 மில்லிலிட்டர், இங்கே 568. பால் குப்பியில் 1.136 லிட்டர், 2.272 லிட்டர் என்று விநோதமான எண்கள் அச்சிட்டிருப்பது அதனால்தான். அவை முறையே இரண்டு பைன்ட், நான்கு பைன்ட்.